சிங்கப்பல் முதலாளியின் குரல் களவுபோன வரலாறு

பெரும்போர்கள் ஒவ்வொன்றிலும் முதல் குண்டு எங்கே விழுந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் இடம் சுட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கும் செயற்கைப் பற்களுக்கும் இடையே மூண்ட மாபெரும் போரை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை இங்கே தீர்த்து வைப்போம். அந்தப் போரின் முதல் முழக்கம், மெத்தைக் கடைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பல் செட் பட்டறையின் மாடியில், காலை வேலை தொடங்கிய சற்று நேரத்தில் 'ஊஊஊய்ங்' என்று கேட்டது.

மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்த மெழுகு அண்ணன் கையிலிருந்த கீழ்த்தாடையைத் தவறவிட்டார். அது உருண்டுபோய் மேஜைக்கடியில் நின்று அவரைப் பார்த்துச் சிரித்தது.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி கத்தினார். "ஏய் ஃபோன், அந்தச் சனியனை நிறுத்து."

'ஃபோன்' என்பது பொருளல்ல, பெண். பட்டறையில் ஃபோனை எடுப்பது, கம்ப்யூட்டரில் ஆர்டர் ஏற்றுவது, டாக்டர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள் வேலை. மற்றவர்களுக்கு அவள் ஃபோன் அக்கா. முதலாளிக்கு நேரம் பொன்னானது. 'அக்கா'வைச் சேர்த்துச் சொல்லி அதை வீணாக்க அவர் விரும்பவில்லை.

"நிறுத்தத் தெரியல முதலாளி. கம்ப்யூட்டர்லேருந்துதான் வருது" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். திரை முழுக்க ஒரு மண்டையோடு வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தது. மெழுகு அண்ணன் தொழில் பழக்கத்தில் முதலில் அதன் பல் வரிசையைப் பார்த்தார்.

"மேல் செட் நல்லாத்தான் இருக்கு. கீழ ரெண்டு பல் இல்ல."

"வாயை மூடு" என்றார் முதலாளி. மண்டையோட்டைச் சொன்னாரா, அண்ணனைச் சொன்னாரா என்பது தெளிவாகவில்லை. இரண்டுமே மூடவில்லை.

மண்டையோட்டுக்குக் கீழே பிழையில்லாத தமிழில் ஓர் அறிவிப்பு இருந்தது. 'மதிப்புக்குரிய ஐயா, தங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன. சாவி வேண்டுமானால் தொகை அனுப்ப வேண்டுகிறோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அந்தப் பட்டறைக்கு வந்த கடிதங்களிலேயே இவ்வளவு மரியாதையானது அதுவரை வந்ததில்லை.

முதலாளியைப் பற்றி இரண்டு வார்த்தை புகழாமல் மேலே போவது பாவம். ஊரின் பாதிப் புன்னகைகள் அவருடைய பட்டறையில்தான் செய்யப்பட்டன. அதில் ஒன்றைக்கூட அவர் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டதில்லை, அப்படிப்பட்ட நேர்மை. வேலையாட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'சிங்கப்பல்' என்று அழைத்தார்கள். அது பயத்தில் வைத்த பெயர் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். பாசத்தில் வைத்தது என்று சொல்ல இதுவரை யாரும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.

பழைய நாளில் டாக்டர்கள் நோயாளியின் வாயில் மாவை வைத்து அழுத்தி, பிளாஸ்டர் அச்சாக அனுப்புவார்கள். இப்போது வாய்க்குள் ஒரு கருவியை விட்டுப் படமெடுத்து, தாடையையே ஃபைலாக அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே அன்றைக்குப் பூட்டப்பட்டது வெறும் கம்ப்யூட்டரல்ல. எத்தனையோ பேருடைய வாய் அது.

முதலாளியின் மைத்துனன் படியேறி ஓடி வந்தான். இணையத்தில் நடந்த ஒரு வகுப்பில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்கியவன் என்பதால் அவன்தான் பட்டறையின் 'தலைமைப் பாதுகாப்பு அதிகாரி'.

"மாமா, யாரும் எதையும் தொடாதீங்க. பயப்பட ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் நான் பேக்கப் எடுத்து வச்சிருக்கேன்."

"எங்கடா?"

மைத்துனன் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் செருகியிருந்த சின்னப் பெட்டியைக் காட்டினான். பத்திரமாக இருக்கட்டும் என்று அதை அங்கேயே விட்டுவைத்திருந்தான். திறந்து பார்த்தான். அதற்குள்ளும் அதே மண்டையோடு சிரித்தது. அண்ணன் குனிந்து பார்த்து, "இதுக்கும் கீழ ரெண்டு இல்ல" என்றார்.

இப்போது எல்லாருடைய கண்ணும் அக்காமேல் விழுந்தது.

"நேத்து மத்தியானம் உங்க பேர்ல ஒரு ஃபோன் வந்துச்சு, முதலாளி" என்றாள் அவள். "கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டாரு. குடுத்தேன்."

"என் பேர்லயா? நான் நேத்து உன்கிட்ட பேசவே இல்லையே."

"ஆமா" என்றாள் அக்கா.

மைத்துனனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்து அவன் காத்திருந்த தருணம் இது. "மாமா, இது சாதாரணத் திருட்டில்ல. ஏஐ. உங்க குரலைக் காப்பியடிச்சுப் பேசியிருக்கு. குரல் போலி."

பட்டறை ஃபோனில் வரும் பேச்செல்லாம் அந்த ஃபோனிலேயே தானாகப் பதிவாகும். ஆட்கள் வேலை நேரத்தில் வீட்டுக் கதை பேசுகிறார்களா என்று கண்காணிக்க முதலாளி செய்திருந்த ஏற்பாடு அது. தொழிலாளர் நலனில் அவருக்கு அவ்வளவு அக்கறை. மைத்துனன் பதிவைத் தேடி ஓடவிட்டான்.

"ஹலோ. நான்தான் பேசறேன்."

அச்சு அசல் முதலாளி. அதே கரகரப்பு, அதே கனம்.

"போதும், நிறுத்து" என்றார் முதலாளி. அவர் குரலில் முதல்முறையாகக் கூச்சம் போல ஒன்று தெரிந்தது. எந்த நாட்டிலோ, எவ்வளவோ செலவு செய்து கட்டிய ஓர் இயந்திரம், உலகத்தில் உள்ள அத்தனை குரல்களையும் விட்டுவிட்டுத் தன்னுடைய குரலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கண்ணாடி அறைக்குள் போனவர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, "நான்தான் பேசறேன்" என்று ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த மகிழ்ச்சியைப் பெரிய டாக்டரம்மாவின் அழைப்பு கலைத்தது. பட்டறைக்கு வரும் வேலையில் பெரும்பங்கு அவருடைய ஆஸ்பத்திரியிலிருந்துதான். அவர் போய்விட்டால் மாடி வாடகைக்கே திண்டாட்டம்.

"என் பேஷண்ட்டோட ஃபைலெல்லாம் என்கிட்டயும் இருக்கு. மறுபடி அனுப்பறது பெரிய விஷயமில்ல" என்றார் டாக்டரம்மா. "ஆனா யாரோ ஃபோன் பண்ணிக் கேட்டா பாஸ்வேர்டைத் தூக்கிக் குடுக்கற இடத்துக்கு எதை நம்பி அனுப்பறது, சொல்லுங்க? எதிர்த் தெருவுல இன்னொரு பல் லேப் இருக்கு. ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாங்க."

"யாரோ இல்ல டாக்டரம்மா. என் குரல். பெத்த தாயே வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சாயங்காலம் எங்க சிறுதொழிலதிபர் சங்கத்துல கூட்டம் இருக்கு. வாங்க, போட்டுக் காட்டறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

"யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னா சரி, அது உங்க தப்பில்ல. நான் அனுப்பிடறேன். கண்டுபிடிச்சிருக்க முடியும்னா எதிர்த் தெருதான்."

ஃபோனை வைத்துவிட்டு முதலாளி அக்காவைப் பார்த்தார். "சாயங்காலம் நீயும் வர்றே. கேட்டா, 'கொஞ்சங்கூட வித்தியாசம் தெரியல'ன்னு சொல்லணும். வேற எதையாவது உளறினே, நாளைக்கு இந்தப் படியேற வேண்டாம்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். அதைச் சம்மதம் என்று முதலாளி எடுத்துக்கொண்டார்.

இங்கே பட்டறையின் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சொல்லியாக வேண்டும். மற்ற சிறுதொழிலதிபர்கள் பின்பற்ற வசதியாக இருக்கும்.

சில மாதங்களுக்கு முன்பே மைத்துனன் 'இணையப் பாதுகாப்புக் கொள்கை' ஒன்றை எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். மேலே முதலாளியின் படம். கீழே விதிகள். ஃபோனில் யார் பாஸ்வேர்டு கேட்டாலும், 'யாராக இருப்பினும்', முதலில் சங்கேதச் சொல்லைக் கேட்க வேண்டும் என்பது அதில் முக்கிய விதி. சங்கேதச் சொல் 'வெண்முத்து' என்று முதலாளியே சூட்டினார்.

விதி மாட்டப்பட்ட வாரத்திலேயே அதற்குச் சோதனை வந்தது. வெளியே போயிருந்த முதலாளி பட்டறைக்கு ஃபோன் செய்தார்.

"ஏய் ஃபோன், பாஸ்வேர்டு என்ன?"

"சங்கேதச் சொல் சொல்லுங்க முதலாளி."

"என்னது?"

"சங்கேதச் சொல். சுவர்ல போட்டிருக்கே."

"அது... வெள்ளையா ஏதோ வரும். எனக்கே சொல்லித்தர்றியா? பாஸ்வேர்டைச் சொல்லு."

"சொல்லாம குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு முதலாளி."

அக்கா ஃபோனை வைத்துவிட்டாள். கொள்கைப்படி அது பாராட்டத்தக்க செயல். முதலாளி அடுத்த பேருந்தைப் பிடித்து நேரில் வந்து பாராட்டினார். "என்னையே யாருன்னு கேக்கறியா? யாரோட கம்ப்யூட்டர்? யாரோட ஃபோன்? யாரு சம்பளத்துல நீ சோறு திங்கறே?" என்று தொடங்கிய அந்தப் பாராட்டுரை, பக்கத்து மெத்தைக் கடையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் எழுந்து உட்காரும் அளவுக்கு இருந்தது. மெழுகு அண்ணன் அன்றைக்குப் பதித்த பற்கள் எல்லாம் லேசாகக் கோணலாக அமைந்தன.

மறுநாள் கொள்கையில் ஒரு திருத்தம் சேர்ந்தது. மைத்துனன் சிவப்பு மையில் எழுதினான்: 'மேற்படி விதி முதலாளிக்குப் பொருந்தாது.' எந்தத் திருடன் வந்தாலும் முதலாளி என்று சொல்லிக்கொண்டுதானே வருவான் என்று மெழுகு அண்ணன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "நீ மெழுகைப் பாரு" என்று அவருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது.

பாதுகாப்பு அத்தோடு நிற்கவில்லை. சிறுதொழிலதிபர் சங்கம் 'விழிப்புணர்வு மாதம்' கொண்டாடியபோது, குரல் திருட்டிலிருந்து தப்புவது எப்படி என்று ஒரு வீடியோ எடுக்க முடிவானது. மைக் இல்லாமலே ஊர் முழுக்கக் கேட்கும் குரல் என்று முதலாளியை எல்லாரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். மைத்துனன் வசனம் எழுதினான். "அன்பு நண்பர்களே, ஃபோனில் யார் பேசினாலும் பதறாதீர்கள். மரியாதையாக, மன்னிக்கவும், நீங்கள் யார் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை" என்று போகும். இதைச் சொல்லி முடிக்க முதலாளிக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது. 'மன்னிக்கவும்' வரும் இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்து, முதுகைத் தட்டி, ஒருவழியாக வெளியே கொண்டுவந்தார்கள். தெளிவான, இரைச்சலில்லாத, நீளமான அந்தப் பதிவை உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றினான் மைத்துனன்.

சாயங்காலம், மெத்தைக் கடையின் மேல்மாடியில் சங்கக் கூட்டம். மெத்தைக் கடைக்காரர்தான் சங்கத் தலைவர். நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் விற்காத மெத்தைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் எந்தத் தீர்மானத்தையும் அவர்கள் எதிர்ப்பதில்லை.

முதல் வரிசையில் பெரிய டாக்டரம்மா கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் முதலாளியின் மனைவி. கணவருக்கு ஏதோ கௌரவம் நடக்கிறது என்று தம்பி சொன்னதை நம்பி வந்திருந்தார். கடைசியில், கதவோரமாக, மெழுகு அண்ணனுக்குப் பக்கத்தில் ஃபோன் அக்கா கைக்குட்டையோடு நின்றாள்.

தலைவர் எழுந்தார். "இதுவரைக்கும் நம்ம சங்கத்துல யாரையும் ஏஐ மதிச்சதில்ல. நம்மளை எல்லாம் ஒரு ஆளாவே நினைக்கல. இன்னிக்கு நம்ம உறுப்பினர் ஒருத்தரைத் தாக்கியிருக்கு. இது நம்ம எல்லாருக்கும் பெருமை" என்று சொல்லி, 'தாக்குதலுக்கு ஆளான முதல் உறுப்பினர்' என்று பொறித்த கேடயத்தை நீட்டினார். முதலாளி அதை வாங்கி டாக்டரம்மா பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ கேளுங்க" என்றார். "கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. நான்தான் பேசறேன்னு சத்தியம் பண்ணுவீங்க."

மைத்துனன் ஒலிபெருக்கியில் பதிவைப் போட்டான்.

"ஹலோ. நான்தான் பேசறேன்."

கூட்டம் அசந்துபோனது. "அப்படியே இருக்குய்யா" என்றார் தலைவர். முதலாளி டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஏம்மா, சாப்பிட்டியா?"

முதலாளியின் தலை அசைந்தபடியே பாதியில் நின்றது.

"ஆச்சு. யார் பேசறது?" இது அக்காவின் குரல்.

"நான்தாம்மா. குரல் ஒரு மாதிரி இருக்கே. உடம்பு சரியில்லையா?"

"சளிதான். ஒரு வாரமா."

"அப்புறம் எதுக்கு வந்தே? சீக்கிரம் கிளம்பி வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு. வேலை எங்க ஓடிடப் போகுது."

மெத்தையில் சாய்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். மெழுகு அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்து, ஒலிபெருக்கிக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

முதலாளியின் மனைவி தம்பியின் தோளைத் தட்டினார். "யாருடா இவரு?"

"மாமாதான்க்கா. அதாவது, மாமா குரல்ல ஏஐ."

"நல்லாப் பேசறாரே" என்றார் அவர். "ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லேன்."

"நிறுத்துடா அதை" என்றார் முதலாளி.

"நிறுத்தாதீங்க" என்றார் டாக்டரம்மா. "முழுசாக் கேக்கணும்னுதானே வந்தேன்."

பதிவு ஓடியது.

"ஒரு சின்ன உதவிம்மா. தப்பா நினைச்சுக்காதே. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு சொல்ல முடியுமா?"

"சங்கேதச் சொல் கேக்கணும்." அக்காவின் குரல் தயங்கியது. "கேக்கலாமா?"

"தாராளமாக் கேளும்மா. கேக்கறது உன் உரிமை. ஆனா அது எனக்கு மறந்துபோச்சே. என் தப்புதான். மன்னிச்சுக்கோ."

'மன்னிச்சுக்கோ' என்ற சொல் அந்தக் கரகரப்பான குரலில், தொண்டை அடைக்காமல், தண்ணீர் குடிக்காமல், முதுகைத் தட்டாமல் தானாக வந்து விழுந்தது. அடுத்து ஒலிபெருக்கியில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அது சளியால்தான் என்று தலைமைப் பாதுகாப்பு அதிகாரி பிற்பாடு சமர்ப்பித்த அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறார்.

பிறகு அக்கா பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.

"மெதுவாச் சொல்லும்மா" என்றது குரல். "ஒண்ணும் அவசரமில்ல."

பதிவு முடிந்தது. மைத்துனனின் முகம் வெளுத்திருந்தது. "மாமா" என்றான் ரகசியமாக, ஒலிபெருக்கியின் மைக் கையில் இருப்பதை மறந்து. "இது நம்ம வீடியோலேருந்து எடுத்தது மாமா. 'கேக்கறது உரிமை' நான் எழுதின வசனம். உங்க குரல் அது ஒண்ணுலதான் வெளியில இருக்கு. நீங்க அப்படித்தான் பேசுவீங்கன்னு அது நம்பிடுச்சு."

"ஆக, அந்த வீடியோவைப் பாத்து விழிச்சுக்கிட்டது அது மட்டுந்தான் போல" என்றார் டாக்டரம்மா.

மெத்தைகளிலிருந்து சிரிப்பு கிளம்பியது. முதலாளி பல்லைக் கடித்தார். ஊருக்கே பல் செய்து கொடுப்பவர் கடிக்கும்போது அதற்கொரு தனி ஓசை உண்டு. ஆனாலும் அவர் தளரவில்லை. போர்க்களத்தில் கடைசி ஆள் விழும்வரை நிற்கும் தளபதியைப் போல, கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்டரம்மாவின் முன் போய் நின்றார்.

"பேச்சை விடுங்க டாக்டரம்மா. குரலைப் பாருங்க. குரல் என்னுதா இல்லையா?"

"குரல் உங்களுதுதான். மத்ததுதான் யாரோடதுன்னு தெரியல."

"நமக்கு இப்போ ஒலிபெருக்கில, உக்காந்து கேக்கும்போது தெரியுது. வேலைக்கு நடுவுல ஃபோனை எடுக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? அசல் எது, போலி எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதைத்தானே நீங்க கேட்டீங்க?"

டாக்டரம்மா சற்று யோசித்தார். "அது நியாயந்தான்" என்றார். "ஃபோன் எடுத்தவங்களே சொல்லட்டும். அவங்களுக்குத் தெரியலன்னா இன்னிக்கு ராத்திரியே ஃபைல் எல்லாத்தையும் அனுப்பிடறேன்."

முதலாளிக்கு உயிர் திரும்பி வந்தது. கூட்டம் முழுவதும் கதவுப் பக்கம் திரும்பியது. மெழுகு அண்ணன் நகர்ந்து வழிவிட்டார். அக்கா கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏய் ஃபோன்" என்றவர், டாக்டரம்மா பார்ப்பதைக் கவனித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். பட்டறையைத் தொடங்கிய நாளிலிருந்து செய்யாத ஒரு முயற்சியை அந்தக் கணத்தில் செய்தார். அது கேட்பதற்குச் சரியாக அமையவில்லை. பழக்கமில்லாத வாயில் புது செட் மாட்டியதுபோல் இருந்தது.

"ஏம்... மா. பயப்படாமச் சொல்லு. பேசினது நான் இல்லன்னு உனக்குக் கொஞ்சங்கூடத் தெரியல, இல்ல?"

"தெரிஞ்சுது முதலாளி" என்றாள் அக்கா. "நீங்களா இருந்திருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்."